நுரையீரலில் காசம், மனத்தில் சோர்வு: நோயா, மருந்தா, மனிதர்களா?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். காசநோய் மாத்திரை தொடங்கி மூன்றாம் மாதம். இருமல் நின்றுவிட்டது. எடை நான்கு கிலோ கூடியிருக்கிறது. சளியில் கிருமி இல்லை என்று பரிசோதனை சொல்கிறது. ஆனாலும் அவர் திண்ணையை விட்டு எழுவதில்லை. வெட்டுக்குப் போய்ப் பழகிய உடம்பு இருட்டிலேயே விழித்துக்கொள்கிறது; கத்தியை எடுக்கத்தான் மனம் வரவில்லை. "மாத்திரைச் சூடு தலைக்கேறிவிட்டது" என்கிறார் மாமியார். "சும்மா இருந்து பழகிவிட்டது" என்கிறார் அண்ணன். மனைவிக்கு எதைச் சொல்வதென்று தெரியவில்லை.

காசநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களில் மனச்சோர்வுக்கு ஆளாவோர் மிகப் பலர். அளக்கும் முறையையும் நாட்டையும் பொறுத்து எண்ணிக்கை மாறினாலும், மற்றவர்களைவிட இவர்களிடம் அது பல மடங்கு அதிகம் என்பதில் ஆய்வுகளுக்குள் சண்டை இல்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழக் கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கும்போது, இது நம் வீட்டுப் பிரச்சினை. இது எங்கிருந்து வருகிறது? நோயிலிருந்தும் வருகிறது, மருந்திலிருந்தும் வருகிறது, சுற்றியிருக்கும் மனிதர்களிடமிருந்தும் வருகிறது. எது எவ்வளவு என்று பிரித்தறிவது அவசியம். ஏனென்றால் மூன்றுக்கும் பரிகாரம் வேறு வேறு.

முதலில் சொற்கள்

1. காசநோய். மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் என்ற கிருமியால் வருவது. ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று இக்கிருமியை உலகுக்கு அறிவித்தார். நம் மாவட்டத்துப் பெரியவர்கள் சயரோகம் என்பார்கள், மற்றவர்கள் டி.பி. இது காற்றில் பரவும். தட்டு, டம்ளர், துணி வழியாகப் பரவாது. இந்த ஒரு வரியைக் கட்டுரையின் பிற்பகுதிக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. சாதாரணக் காசநோயும் எதிர்ப்புக் காசநோயும். வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் என நான்கு மருந்து. அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு நீங்கலாக மூன்று. இவை ஒரே மாத்திரைக்குள் சேர்ந்தே வருகின்றன. 35 முதல் 49 கிலோ எடையுள்ளவருக்குத் தினம் மூன்று மாத்திரை, 50 முதல் 64 கிலோவுக்கு நான்கு. ஐசோனியசிட்டுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் கிருமி அடங்காவிட்டால் அது பன்மருந்து எதிர்ப்புக் காசநோய். அதற்கான மருந்துகள் வேறு, பக்கவிளைவுகளும் வேறு.

3. மனச்சோர்வு. செய்தித்தாள்களில் மன அழுத்தம் என்று எழுதப்படுவது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் கடன் தவணை நெருங்கும்போது வரும் அழுத்தம் தவணை கட்டியதும் போய்விடும். மனச்சோர்வு அப்படிப் போகாது. குறைந்தது இரண்டு வாரம், பெரும்பாலான நாள்களில், நாளின் பெரும்பகுதியில், மனம் தாழ்ந்தே இருக்கும். அல்லது முன்பு பிடித்த எதிலும் பிடிப்பு இருக்காது. கூடவே தூக்கம், பசி, கவனம், தன்னைப் பற்றிய மதிப்பு எல்லாம் குலையும். இது குணக்கேடு அல்ல, சோம்பலும் அல்ல. மருத்துவம் பார்க்கவேண்டிய நோய்.

இரண்டு நோய்க்கும் ஒரே முகம்

பசியின்மை, எடைக் குறைவு, களைப்பு, தூக்கமின்மை. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, எந்த நோய் என்று கேட்டால், காசநோய் மருத்துவர் காசநோய் என்பார். மனநல மருத்துவர் மனச்சோர்வு என்பார். இருவரும் சரியே. அதனால்தான் காசநோயாளியின் மனச்சோர்வு கண்ணில் படாமல் போகிறது. "நோய் இருக்கிறது, களைப்பாகத்தானே இருப்பார்" என்று விட்டுவிடுகிறோம்.

காசநோய் தராத, மனச்சோர்வு மட்டுமே தரும் அறிகுறிகள் சில உண்டு:

1. பேரக்குழந்தை வந்து மடியில் ஏறினாலும் முகம் மலராதது.
2. "என்னால் வீட்டுக்குப் பாரம்" என்ற பேச்சு. செய்யாத குற்றத்துக்குத் தன்னையே நொந்துகொள்வது.
3. குணமாகிவருகிறது என்று எக்ஸ்-ரே காட்டியும் நம்பிக்கை துளியும் வராதது.
4. செத்தால் தேவலை என்ற எண்ணம்.

உடம்பு ஏறும்போது மனம் ஏறவில்லையென்றால் அதைக் களைப்பு என்று எழுதிவிடக் கூடாது. நம் பால்வெட்டுத் தொழிலாளிக்கு எடை நான்கு கிலோ கூடியது நல்ல செய்தி. அதே சமயம், அவருடைய சோர்வுக்குக் காசநோய்க் களைப்பை மட்டும் காரணம் சொல்ல இனி இடமில்லை என்பதையும் அது காட்டுகிறது.

நோயே மனத்தைத் தொடுகிறது

காய்ச்சல் வந்த குழந்தை விளையாட்டை விட்டு மூலையில் சுருண்டு படுப்பதைப் பார்த்திருப்போம். யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கிருமியோடு போரிடும் நோய் எதிர்ப்பு அணுக்கள் சைட்டோகைன் என்ற வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவை மூளைக்குச் சென்று, "ஒதுங்கு, படு, சாப்பாட்டை விடு" என்று உத்தரவிடுகின்றன. மூன்று நாள் காய்ச்சலுக்கு இது நல்ல ஏற்பாடு. காசநோயிலோ இந்தப் போர் மாதக்கணக்கில் நீள்கிறது. உத்தரவும் நீள்கிறது.

இன்னொன்றும் நடக்கிறது. நாம் உண்ணும் புரதத்திலிருந்து கிடைக்கும் டிரிப்டோஃபான் என்ற பொருளைக் கொண்டுதான் மூளை செரோட்டோனினைச் செய்கிறது. மனநிலையைச் சீராக வைப்பதில் அதற்குப் பங்குண்டு. இப்படி நீளும் எதிர்ப்புப் போரில், அதாவது அழற்சியில், டிரிப்டோஃபானில் பெரும்பங்கு வேறு பாதைக்குத் திருப்பிவிடப்படுகிறது. சாப்பாடும் குறைந்து, கிடைத்ததும் திசைமாறினால், மனத்துக்கு எஞ்சுவது கொஞ்சம்தான்.

இந்த வகைச் சோர்வு சிகிச்சையின் தொடக்கத்தில், சில சமயம் நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே தலைகாட்டும். மருந்து வேலைசெய்து அழற்சி தணியும்போது பலருக்குத் தானாகவே குறையும்.

மருந்து: பழியும் உண்மையும்

காசநோய் மருந்துக்கும் மனநிலைக்கும் உள்ள உறவின் கதை வியப்பானது. 1952-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் சீ வியூ என்ற காசநோய் மருத்துவமனையில் ஐப்ரோனியசிட் என்ற புதிய மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் எழுந்து சிரித்தார்கள், கேலி பேசினார்கள், வராந்தாவில் ஆடினார்கள். நுரையீரல் தேறுவதற்கு முன்னரே மனம் தேறிவிட்டது. ஐந்தாண்டுகளுக்குள் அந்த மருந்து மனச்சோர்வுக்கே தரப்பட்டது. மனச்சோர்வுக்கான முதல் மாத்திரைகளில் ஒன்று காசநோய் வார்டிலிருந்துதான் வந்தது. கல்லீரலைக் கெடுத்ததால் பின்னர் அது கைவிடப்பட்டது. ஆனால் அதன் நெருங்கிய உறவான ஐசோனியசிட் இன்றும் நம் மாத்திரைக்குள் இருக்கிறது.

ஆகவே "காசநோய் மாத்திரை மனத்தைக் கெடுக்கும்" என்று மொத்தமாகச் சொல்வது தவறு. மருந்து மருந்தாகப் பார்க்க வேண்டும்.

1. ஐசோனியசிட். இது உடலிலுள்ள பைரிடாக்சினை, அதாவது பி6 வைட்டமினைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். மூளை வேதிப்பொருள்கள் பலவற்றைச் செய்ய பி6 தேவை. குறைந்தால் கால் எரிச்சலும் மதமதப்பும் முதலில் வரும். சிலருக்கு எரிச்சல் குணமும் சோர்வும் சேரும். பெரிய மாத்திரைகளோடு தரப்படும் சிறிய பி6 மாத்திரையைச் "சத்து மாத்திரைதானே" என்று ஒதுக்கிவைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதை ஒதுக்கக் கூடாது. அரிதாகச் சிலருக்கு ஐசோனியசிட்டால் மனக்குழப்பமும் வரலாம்.

2. ரிஃபாம்பிசின். சிறுநீரும் வியர்வையும் கண்ணீரும் செம்மஞ்சளாகும். முதல் நாள் பார்க்கும் ஒருவர் ரத்தம் என்று நினைத்து வெலவெலத்துப் போவார். முன்கூட்டியே ஒரு வரி சொன்னால் போதும், அந்தப் பயம் வராது. மனத்தை நேரடியாகக் கெடுக்கும் மருந்தாக இது அறியப்பட்டதல்ல. ஆனால் மற்ற மருந்துகளோடு இதற்கொரு சிக்கல் உண்டு, பின்னால் வருகிறது.

3. சைக்ளோசெரின். எதிர்ப்புக் காசநோய்க்கான 18 முதல் 20 மாத நீண்ட சிகிச்சையில் இடம்பெறுவது. உண்மையான கவனம் இங்கேதான் தேவை. மூளைக்குள் எளிதாக நுழையும் மருந்து இது. மனச்சோர்வு, பதற்றம், தூக்கக்கேடு, காதில் குரல் கேட்பது, தற்கொலை எண்ணம், வலிப்பு வரை கொண்டுவரக் கூடியது. சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களிடம் தேங்கும். மது கூடினால் ஆபத்து கூடும். இதைத் தொடங்கியபின் ஒருவரின் பேச்சோ தூக்கமோ குணமோ மாறினால், அடுத்த மாதச் சந்திப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை. அன்றே தெரிவிக்க வேண்டும். அளவைக் குறைத்தோ நிறுத்தியோ வேறு மருந்து கொடுத்தோ மருத்துவர் சரிசெய்ய முடியும்; பெரும்பாலும் மனம் திரும்பிவிடும்.

4. எத்தியோனமைடு. இதுவும் எதிர்ப்புக் காசநோய்க்கான மருந்தே. தைராய்டு சுரப்பை மந்தமாக்கக் கூடியது. தைராய்டு மந்தமானவர் பார்ப்பதற்கு மனச்சோர்வு வந்தவர் போலவே இருப்பார். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரியவேண்டியதற்கு மனநல மாத்திரை தேடிப்போவது வீண் அலைச்சல்.

5. குளோஃபசிமின். இதுவும் எதிர்ப்புக் காசநோய்க்கானதே. தோலைக் கருஞ்சிவப்பாகவும் பின் கருமையாகவும் ஆக்கும். சிகிச்சை முடிந்தும் பழைய நிறம் திரும்ப மாதங்கள் ஆகும். கல்யாண வயதிலுள்ள பெண்ணுக்கு இது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. நிறமாற்றத்தால் மனமுடைந்தவர்கள் உண்டு என்பதை மருந்தின் எச்சரிக்கைக் குறிப்பே சொல்கிறது.

நல்ல திருப்பமும் ஒன்று உண்டு. பெடாகுயிலின், பிரிட்டோமானிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் நான்கும் சேர்ந்த, எதிர்ப்புக் காசநோய்க்கான ஆறு மாதச் சிகிச்சைக்கு 2024 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் ஒப்புதல் அளித்தது. இதில் சைக்ளோசெரின் இல்லை, குளோஃபசிமினும் இல்லை. செய்திகள் "காலம் குறைகிறது" என்று மட்டும் எழுதின. மனத்தின் கோணத்தில் பார்த்தால், இந்தச் சிகிச்சையின் மருந்துப் பட்டியலில் சைக்ளோசெரின் இல்லாதது அதற்குச் சற்றும் குறையாத செய்தி.

தனித் தட்டு

மூன்றாவது காரணத்துக்கு ஆய்வகம் தேவையில்லை. சமையற்கட்டுக்குப் போனால் போதும். எல்லாருக்கும் கழுவி அடுக்கிய தட்டுகள் ஒரு பக்கம். ஓரத்தில் விளிம்பு நசுங்கிய ஒரு தட்டும் ஒரு டம்ளரும் தனியே கவிழ்த்து வைத்திருக்கும். மரச்சீனியும் மீன் குழம்பும் எல்லாருக்கும் ஒரே சட்டியில்தான் வெந்தன. பரிமாறும் இடம் மட்டும் வாசல் பக்கம். காற்றில் பரவும் நோய்க்குத் தட்டைப் பிரித்து வைப்பதால் கிருமி ஒன்றுகூடத் தடுக்கப்படுவதில்லை. மனிதர் மட்டும் ஒதுக்கப்படுகிறார். தேவையானது காற்றோட்டமான அறை, திறந்த ஜன்னல், தொடக்கத்தில் முகக்கவசம். பலனளிக்கும் மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பெரும்பாலானவர்களிடம் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆனால் அந்தத் தட்டு ஆறாம் மாதம் வரை ஓரத்திலேயே இருக்கும்.

இந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. நாகர்கோவில் அருகே ஆசாரிப்பள்ளத்தில் 2001-இல் மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன்பு அந்த இடத்தைப் பெரியவர்கள் டி.பி. ஆஸ்பத்திரி என்றே அறிந்திருந்தார்கள். ஊருக்கு வெளியே, மாதக்கணக்கில், குடும்பத்தை விட்டு என்பதுதான் அக்காலச் சிகிச்சை. அந்த முறையை உலகம் முழுக்க மாற்றிய ஆய்வு தமிழ்நாட்டில்தான் நடந்தது. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நெரிசலான வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானதை 1959-இல் வெளியிட்டது. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. நோயாளியைத் தனியே வைக்கவேண்டாம் என்று சென்னை உலகத்துக்குச் சொல்லி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

வருமானமும் இதில் சேர்கிறது. அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், நாள்கூலிக்குத் தோலுரிக்கும் பெண்ணுக்கு வேலைக்குப் போகாத நாள் சம்பளமில்லாத நாள். சொன்னால் பக்கத்து இருக்கை காலியாகும் என்று சொல்லாமலே போகிறவர்களும், ஊரில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போய் மருத்துவம் பார்ப்பவர்களும் உண்டு. மறைப்பது என்பது தினமும் செய்யும் வேலை. அது ஓயாத களைப்பைத் தரும். நிக்‌ஷய் போஷன் என்ற அரசுத் திட்டத்தில் காசநோயாளியின் சத்துணவுக்காக வங்கிக் கணக்கில் வரும் தொகை 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாகியிருக்கிறது. உதவிதான். இழந்த கூலியை அது ஈடுசெய்யாது.

சுழல் எப்படி இறுகுகிறது

மனம் சோர்ந்தால் காசநோய்க்கு என்ன கேடு? அடுத்தடுத்து நடப்பதைப் பாருங்கள்.

1. "எதற்கு இந்த மாத்திரை" என்று தோன்றுகிறது. ஒரு நாள் விடுகிறார், பிறகு ஒரு வாரம்.
2. சிலர் தூக்கத்துக்காக மதுவை நாடுகிறார்கள். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலுக்குச் சுமை. மது அதன்மேல் ஏறுகிறது. மஞ்சள் காமாலை வந்தால் மருத்துவரே மருந்தை நிறுத்த வேண்டியிருக்கும்.
3. விட்டுவிட்டுச் சாப்பிட்ட மருந்துக்கு நடுவே தப்பிய கிருமிகள் எதிர்ப்பு பெறுகின்றன.
4. எதிர்ப்புக் காசநோய்க்கு, மேலே சொன்ன கடுமையான மருந்துகள் தொடங்குகின்றன.
5. அவற்றில் சில மனத்தை மேலும் தாழ்த்துகின்றன.

இந்தச் சுழலை எளிதாக அறுக்கக்கூடிய இடம் முதல் படிதான். 2022-இல் தொடங்கிய தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதும் ஒருவரின் உயரத்துக்கேற்ற எடை, மூச்சு, பிடிப்பின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பதைப் பார்த்து ஆபத்திலிருப்பவரைப் பிரித்தெடுக்கிறார்கள். எளிமையான, உயிர்காக்கும் ஏற்பாடு. அதோடு இரண்டு கேள்விகள் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா? மனம் தாழ்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? உலகெங்கும் முதல்கட்ட மனச்சோர்வுச் சோதனையில் கேட்கப்படும் கேள்விகள்தாம் இவை. கேட்க ஒரு நிமிடம் ஆகும். மாதாமாதம் எடை பார்க்கும்போதே கேட்கலாம்.

இரண்டு சிகிச்சையும் ஒன்றாக

மனச்சோர்வு உறுதியானால் காசநோய் சிகிச்சை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். லேசான சோர்வுக்கு ஆலோசனையும் குடும்பத்தின் அரவணைப்பும் போதுமாகலாம். மாத்திரை தேவைப்பட்டால், எழுதும் மருத்துவர்கள் இருவரும் ஒருவர் சீட்டை மற்றவர் பார்த்திருக்க வேண்டும். காரணங்கள்:

1. ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு, பல மனநல மருந்துகளை வேகமாகக் கரைத்துவிடும். வழக்கமான அளவு போதாமல் போகலாம். ரிஃபாம்பிசின் முடிந்தபின் அதே அளவு அதிகமாகிவிடவும் கூடும்.
2. லினசோலிட் சாப்பிடுபவருக்கு செரோட்டோனினைக் கூட்டும் மனச்சோர்வு மருந்து சேர்ந்தால், உடல் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்ற ஆபத்தான நிலை வரலாம்.
3. பெடாகுயிலினோடு எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகள் சேர்ந்தால் இதயத் துடிப்பின் தாளத்தை இ.சி.ஜி. எடுத்துக் கண்காணிக்க வேண்டும்.

கடற்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. சூரை மீன் வெயிலில் கிடந்து பழசானால் அதில் ஹிஸ்டமின் சேரும். அதை உடலில் சிதைக்கும் நொதியை ஐசோனியசிட் தடுக்கிறது. சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடக்கும். ஏற்கெனவே மனம் கலங்கியிருப்பவர் இதைப் பதற்றம் என்றோ மாரடைப்பு என்றோ எண்ணிவிடலாம். சிகிச்சைக் காலத்தில் சூரையைத் தவிர்ப்பது நல்லது. மற்ற மீனைப் புதிதாக வாங்கித் தாராளமாகச் சாப்பிடலாம். புரதம் வேண்டும்.

தானாக மருந்தை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. மனம் கெடுவது எந்த மாத்திரையால் என்று வீட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கண்டுபிடிக்க உதவும் தகவல் வீட்டில்தான் இருக்கிறது: சோர்வு எப்போது தொடங்கியது? மருந்துக்கு முன்பா, மருந்து மாற்றியபின்பா, சிகிச்சை முடிந்தபின்பா? காலண்டரில் தேதியைக் குறித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

சிகிச்சைக்குப் பின்னும் ஒரு பகுதியினருக்குத் தழும்பேறிய நுரையீரலால் மூச்சிரைப்பு நீடிக்கும். "குணமாகிவிட்டது என்றார்களே, ஏன் இன்னும் ஏற்றம் ஏற முடியவில்லை" என்ற ஏமாற்றத்திலிருந்து தொடங்கும் சோர்வு இது. மூச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் உதவும். இது காசநோய் திரும்பியதாலா என்பதையும் பரிசோதித்துத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

எங்கே போவது

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சகப் பிரிவும் மனநலப் பிரிவும் உண்டு. தொலைபேசியில் பேச டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. தமிழிலேயே, கட்டணமின்றி, நாள் முழுதும் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் இருக்கிறது. சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாமல், மாத்திரைகளையும் ரப்பர் ஷீட்டுக்கு வைத்திருக்கும் ஆசிட்டையும் எடுத்து மறைத்துவிட்டு, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும்.

தூத்தூர் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் தொழிலாளர்கள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. கொச்சியில் இறங்கி அங்கிருந்தே மறுபடி கடலேறுவதும் உண்டு. காசநோயாளி ஒவ்வொருவருக்கும் தரப்படும் நிக்‌ஷய் எண்ணைக் காட்டினால் சிகிச்சையை வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். கொச்சியிலும் மாத்திரை கிடைக்கும். உடல் தேறி மருத்துவர் அனுமதித்த பிறகு கடலுக்குப் போகிறவர், எத்தனை நாள் பயணம் என்று முன்கூட்டியே சொன்னால் அத்தனை நாளுக்கான மாத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மனநல மாத்திரையும் சாப்பிடுகிறவராக இருந்தால் அதையும் அதே பையில் எண்ணி வைக்க வேண்டும். படகில் நம்பிக்கையான ஒருவருக்காவது எந்த மாத்திரை எப்போது என்பது தெரிந்திருக்க வேண்டும். இரவு வலை இழுக்கும் நேரத்தில் அவர் முகம் எப்படி இருக்கிறது என்பதை அந்த ஒருவர்தான் பார்ப்பார்.